வெப் அப்ளிகேஷனுக்கு மானிட்டரிங்: இருக்கிற லாக் போதுமா, சொந்தமாக நிறுவுவதா, சந்தாவில் எடுப்பதா?

"சைட் ரொம்ப ஸ்லோவா இருக்கு." இந்த ஒரு வரி மெசேஜ் வந்த பிறகுதான் பல டீம்களுக்கு மானிட்டரிங் என்ற ஒன்றே ஞாபகம் வருகிறது. உடனே ஒருவர் சர்வருக்குள் நுழைந்து 'டாப்' கமாண்டைத் தட்டுவார். சிபியு 30 சதவீதம், மெமரி தாராளம். "சர்வர் நல்லாத்தானே இருக்கு, உங்க நெட்டைப் பாருங்க" என்று பதில் போகும். மெசேஜ் அனுப்பியவரும் பொய் சொல்லவில்லை, பதில் போட்டவரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

அந்த நடுவைப் பார்க்க இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வெப் சர்வரையும் டேட்டாபேஸையும் இன்னும் கொஞ்சம் வாய்திறக்க வைப்பது முதல் வழி. ப்ரோமீதியஸ், கிராஃபானா போன்ற ஓப்பன் சோர்ஸ் கருவிகளை நாமே நிறுவிக்கொள்வது இரண்டாவது. டேட்டாடாக், நியூ ரெலிக், டைனாட்ரேஸ் மாதிரியான ஏபிஎம் (அப்ளிகேஷனின் வேகத்தை உள்ளிருந்தே அளந்து காட்டும்) சேவை ஒன்றைச் சந்தா கட்டி எடுப்பது மூன்றாவது. நான் மனதில் வைத்து எழுதுவது சின்ன டீமை: மூன்றிலிருந்து எட்டு டெவலப்பர்கள், ஒரு அப்ளிகேஷன், ஒரு டேட்டாபேஸ், இரண்டு மூன்று சர்வர்கள், மானிட்டரிங்குக்கென்று தனி ஆள் கிடையாது. இருநூறு மைக்ரோசர்வீஸ் (தனித்தனியாக ஓடும் சின்னச் சின்னச் சேவைகள்) வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் வழியை இந்த வாரமே செய்துவிடுங்கள், அதற்கு மீட்டிங் எதுவும் தேவையில்லை. இரண்டாவதா மூன்றாவதா என்பதை எந்தக் கருவி ஒசத்தி என்று பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மானிட்டரிங் சர்வரே ஒருநாள் படுத்துக்கொண்டால் அதை எழுப்பப்போவது யார் என்று கேளுங்கள். டீமில் ஒருவர் பெயரைத் தயங்காமல் சொல்ல முடிந்தால் சொந்தமாக நிறுவலாம். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சந்தா.

முதலில் சராசரியைத் தூக்கிப் போடுங்கள்

எந்த வழியில் போனாலும் எந்த எண்ணைப் பார்ப்பது என்று தெளிவாக இருக்க வேண்டும். ஆயிரம் ரிக்வெஸ்ட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 980 ரிக்வெஸ்ட் 100 மில்லிசெகண்டில் முடிகிறது, மீதி 20 ரிக்வெஸ்ட் 6 வினாடி இழுக்கிறது. சராசரி என்ன? 218 மில்லிசெகண்ட். டேஷ்போர்டு பச்சையாகச் சிரிக்கும். 99-ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 ரிக்வெஸ்ட் எந்த நேரத்துக்குள் முடிந்தன என்ற எண்ணைப் பாருங்கள்: 6 வினாடி. அந்த 20 பேர்தான் உங்களுக்கு மெசேஜ் அனுப்புகிறவர்கள்.

மெதுவானது நூற்றில் ஒன்றே ஒன்று என்றாலும் விட முடியாது. ஒரு பக்கம் திறக்க 30 ரிக்வெஸ்ட் போகிறது என்றால், அவற்றில் குறைந்தது ஒன்றாவது அந்த மெதுவான ஒரு சதவீதத்தில் மாட்டும் வாய்ப்பு கிட்டத்தட்ட 26 சதவீதம். நான்கு தடவை பக்கம் திறந்தால் ஒரு தடவை அடி. அதனால் 50, 95, 99 என்ற மூன்று சதமானங்களைப் பாருங்கள். ஒரு எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: மூன்று சர்வர்களின் 99-ஆம் சதமானத்தைக் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது எதுவுமே இல்லை. சதமானங்களைச் சராசரி எடுக்கக் கூடாது. இதைச் செய்யும் டேஷ்போர்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், நானே ஒன்று கட்டியும் இருக்கிறேன்.

இருக்கிற லாக்கைப் பேசவைப்பது

என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் வைத்திருப்பவர்கள், வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் ஒரு வரியாக எழுதும் ஆக்சஸ் லாக்கைத் திறந்து பாருங்கள். வழக்கமான 'கம்பைண்ட்' ஃபார்மட்டில் ஐபி, நேரம், பக்கத்தின் முகவரி (யுஆர்எல்), ஸ்டேட்டஸ் கோடு, பைட் அளவு, பிரவுசர் பெயர் எல்லாம் இருக்கும். பதில் தர எவ்வளவு நேரம் பிடித்தது என்பது மட்டும் இருக்காது. லாக் ஃபார்மட்டில் 'ரிக்வெஸ்ட் டைம்', 'அப்ஸ்ட்ரீம் ரெஸ்பான்ஸ் டைம்' என்ற இரண்டு வேரியபிள்களைச் சேருங்கள். முதலாவது, கிளையன்டின் முதல் பைட்டைப் படித்ததிலிருந்து கடைசி பைட்டை அனுப்பி முடிக்கும் வரை ஆன மொத்த நேரம். இரண்டாவது, பின்னால் இருக்கும் நம் அப்ளிகேஷன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம். இரண்டுமே வினாடிக் கணக்கில், மில்லிசெகண்ட் துல்லியத்தோடு வரும்.

இந்த இரண்டு எண்களை அருகருகே வைத்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். ஒரு வரியில் 4.210, 0.090 என்று இருந்தால் அப்ளிகேஷன் நிரபராதி. எதிர்முனையில் நெட் மோசம், அல்லது நாம் அனுப்பிய ரெஸ்பான்ஸ் அளவுக்கு மீறிப் பெரியது. பக்கத்திலேயே இருக்கும் பைட் எண்ணைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். 4.210, 4.205 என்று இருந்தால் குற்றவாளி நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ப்ராக்ஸி பஃபரிங்கை (அப்ளிகேஷனின் பதிலை என்ஜின்எக்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு கிளையன்டுக்கு அனுப்பும் வசதியை) அணைத்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பிரிவினை கலங்கும். அங்கே கிளையன்ட் மெதுவாக வாங்கினால் அப்ஸ்ட்ரீம் நேரமும் கூடவே நீளும்.

டேட்டாபேஸ் பக்கமும் இதே கதைதான், வசதி இருக்கும், அணைந்திருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் ஸ்லோ குவெரி லாக்கை (மெதுவான டேட்டாபேஸ் குவெரிகளை, அதாவது கேள்விகளைப் பதியும் லாக்கை) இயக்கினால் மட்டும் போதாது. எத்தனை வினாடிக்கு மேல் போனால் 'ஸ்லோ' என்பதற்கு அதோடு வரும் வரம்பு 10 வினாடி. வெப் அப்ளிகேஷனில் 10 வினாடி காத்திருப்பவர் யார்? 0.3 அல்லது 0.5 என்று இறக்குங்கள், பின்ன எண்ணை அது ஏற்றுக்கொள்ளும். போஸ்ட்கிரெஸில் இதற்கான அமைப்பு அணைந்தே வரும். அதைவிட முக்கியமானது, ஒவ்வொரு குவெரியும் எத்தனை தடவை ஓடியது, மொத்தம் எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைக்கும் 'பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ்' என்ற எக்ஸ்டென்ஷன். அதைத் தொடக்கத்திலேயே ஏற்றப்படும் லைப்ரரிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும், டேட்டாபேஸை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், அதன் பிறகு எக்ஸ்டென்ஷனை உருவாக்க வேண்டும். ரீஸ்டார்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பலர் ஒத்திப்போடுவார்கள். அடுத்த மெயின்டனன்ஸ் நேரத்திலேயே முடித்துவிடுங்கள். பிறகு அதன் அட்டவணையைச் சராசரி நேரத்தின்படி வரிசைப்படுத்தாமல், மொத்த நேரத்தின்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். 3 மில்லிசெகண்ட் குவெரி ஒன்று நாளைக்கு 40 லட்சம் தடவை ஓடினால் அது மொத்தமாக மூன்றேகால் மணி நேரத்துக்கு மேல் டேட்டாபேஸ் நேரத்தைத் தின்கிறது. சராசரியில் பார்த்தால் அது கண்ணிலேயே படாது.

இந்த வழிக்கு எல்லையும் உண்டு. மெதுவாக இருக்கும் முகவரி எது என்று லாக் சொல்லும். அந்த முகவரிக்குள் எந்த வரி நேரத்தைத் தின்றது என்று சொல்லாது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பவும் செய்யாது. ஒரு சர்வரில் லாக்கை அலசும் 'ஆக்' கமாண்டை வைத்துக் கணக்குப் போடுவது சுலபம், மூன்று சர்வர் ஆனதும் சலிப்பு, ஐந்து ஆனதும் யாரும் செய்வதில்லை. ஆனாலும் முதல் நாளில் இதைவிட அதிகப் பலன் தரும் வேறு அரைமணி நேர வேலை எனக்குத் தெரியாது.

சொந்தமாக நிறுவுவது

ப்ரோமீதியஸ் 2012-இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்துக்குள் பிறந்தது. 2016-இல் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் குபர்நெட்டிஸுக்கு அடுத்து இரண்டாவதாகச் சேர்ந்தது. இதன் வேலைமுறை எளிமையானது. அப்ளிகேஷன் தன் எண்களை ஒரு முகவரியில் எழுதி வைத்திருக்கும். ப்ரோமீதியஸ் குறிப்பிட்ட இடைவெளியில் வந்து அள்ளிக்கொண்டு போகும். இடைவெளி எதுவும் சொல்லாவிட்டால் ஒரு நிமிடம். பெரும்பாலோர் 15 வினாடி வைக்கிறார்கள், நானும் அதைத்தான் சொல்வேன். அது வந்து அள்ளுவதால் ஒரு லாபம் உண்டு: அள்ள முடியவில்லை என்பதே ஒரு செய்தி. சர்வர் செத்தால் உடனே தெரியும்.

இடம் எவ்வளவு பிடிக்கும் என்று பயப்படுகிறவர்களுக்காக ஒரு கணக்கு. 40 முகவரிகள், 5 விதமான ஸ்டேட்டஸ் கோடுகள், 4 சர்வர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேரத்தை ஹிஸ்டோகிராமாக (ஒவ்வொரு நேர எல்லைக்குள்ளும் எத்தனை ரிக்வெஸ்ட் முடிந்தன என்று எண்ணும் பக்கெட்டுகளாக) அளந்தால், கோ மொழி லைப்ரரியின் வழக்கமான அமைப்பில் ஒவ்வொன்றுக்கும் 14 தொடர்கள் (நேரத்தோடு சேர்த்து வைக்கப்படும் எண் வரிசைகள்) வரும்: 12 பக்கெட், ஒரு கூட்டுத்தொகை, ஒரு எண்ணிக்கை. எல்லாவற்றையும் பெருக்கினால் 11,200 தொடர்கள். 15 வினாடிக்கு ஒருமுறை எடுத்தால் நாளைக்கு ஒவ்வொன்றிலும் 5,760 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு ஒன்றிலிருந்து இரண்டு பைட்தான் ஆகும் என்பதால் நாளைக்கு 65 முதல் 130 எம்பி. வழக்கமாக வைத்திருக்கும் 15 நாளுக்கு இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடும். பழைய லேப்டாப்பே இதைத் தாங்கும்.

இப்போது ஒரு டெவலப்பர், "எந்த யூசருக்கு ஸ்லோ என்று தெரிந்தால் நல்லாயிருக்குமே" என்று யூசர் ஐடியை லேபிளாக, அதாவது எண்களைப் பிரித்துக் காட்டும் குறிப்பாகச் சேர்க்கிறார். யூசர்கள் 10,000 பேர். 11,200 என்பது கோட்பாட்டளவில் 11 கோடியே 20 லட்சமாக ஊதும். எல்லோரும் எல்லா முகவரிக்கும் போக மாட்டார்கள்தான், ஆனால் அதில் நூற்றில் ஒரு பங்கு வந்தாலும் சின்ன சர்வரில் மெமரி தீர்ந்து ப்ரோமீதியஸ் விழக்கூடும். விழுந்த பிறகு எழும்போது தன் ஜர்னலை முதலிலிருந்து படித்து எழும், அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். லேபிள் மதிப்புகள் பெருகித் தொடர்கள் ஊதும் இந்தக் கார்டினாலிட்டி வெடிப்புதான் ப்ரோமீதியஸ் வைத்திருப்பவர்களின் பொதுவான தலைவலி. யூசர் ஐடி, ஆர்டர் எண், ஈமெயில், முழு முகவரி ஆகியவை லேபிளாக வரவே கூடாது. ஆர்டர் எண் 12345-இன் பக்கமும் 12346-இன் பக்கமும் ஒரே 'ஆர்டர் விவரம்' என்ற பெயரில்தான் பதிவாக வேண்டும்.

இன்னும் இரண்டு கண்ணிகள். பைதானில் ஜி-யூனிகார்ன் என்ற சர்வர் வழியாக நான்கு வொர்க்கர்கள் (தனித்தனி பிராசஸ்கள்) ஓட்டுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு வொர்க்கரும் தன் சொந்தக் கணக்கைத் தன் மெமரியிலேயே வைத்திருக்கும். ப்ரோமீதியஸ் வந்து கேட்கும்போது எந்த வொர்க்கர் கையில் கிடைக்கிறதோ அதன் எண் போகும். கிராஃபில் எண்ணிக்கை மேலும் கீழும் குதிக்கும், அதைப் பார்த்து டிராஃபிக் அலைபாய்கிறது என்று நினைப்பீர்கள். மல்டிபிராசஸ் மோடை இயக்கி, வொர்க்கர்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் எழுதும்படி வைக்க வேண்டும். பிஎச்பியில் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் முடிந்ததும் மெமரி துடைக்கப்படுவதால், எண்களைச் சேர்த்து வைக்க ரெடிஸ் மாதிரி ஏதாவது வெளியே வேண்டும். இரண்டாவது கண்ணி பக்கெட் எல்லை. மேலே சொன்ன வழக்கமான அமைப்பில் 1 வினாடிக்கு அடுத்த எல்லை 2.5 வினாடி. நடுவில் இருப்பதை ப்ரோமீதியஸ் நேர்கோடு போட்டு ஊகிக்கும். உங்கள் இலக்கு 2 வினாடி என்றால் 2-இல் ஒரு எல்லையை நீங்களே போடுங்கள். இல்லாவிட்டால் இலக்கைத் தாண்டினோமா இல்லையா என்பதே ஊகமாகிவிடும்.

சேர்த்து வைத்த எண்களைக் கிராஃபாகப் பார்க்க கிராஃபானா, எச்சரிக்கை அனுப்ப அலர்ட்மேனேஜர், லாக்குக்கு லோக்கி, டிரேஸுக்கு (ஒரு ரிக்வெஸ்ட் எந்தெந்தப் படியில் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற பதிவு) டெம்போ அல்லது யேகர் என்று ஒவ்வொன்றாகச் சேரும். எல்லாம் இலவசம்தான். ஆனால் ஐந்து மென்பொருள்களுக்கு அப்டேட், பேக்கப், டிஸ்க் இடம், லாகின் என்று பார்க்க வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதை. இதையெல்லாம் அப்ளிகேஷன் ஓடும் அதே சர்வரில் நிறுவாதீர்கள். சர்வர் விழும்போது மானிட்டரிங்கும் சேர்ந்து விழும். வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன மாதிரிதான் இருக்கும்.

சந்தாவில் எடுப்பது

எங்கள் அப்ளிகேஷனில் ஒரு பட்டியல் பக்கம் இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது கண்சிமிட்டும் நேரத்தில் திறக்கும், ஒரே ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் ஆறு வினாடி. ஸ்லோ குவெரி லாக்கை அரை வினாடி வரம்பில் வைத்திருந்தோம், அதில் ஒன்றுமே இல்லை. ப்ரோமீதியஸ் கிராஃபில் 99-ஆம் சதமானம் ஏறியிருந்தது தெரிந்தது, ஏன் என்று தெரியவில்லை. ஏபிஎம் ஒன்றின் இலவச சோதனைக் காலத்தில் அதன் ஏஜென்டை (அப்ளிகேஷனோடு சேர்ந்து ஓடி அளக்கும் மென்பொருளை) போட்டுவிட்டு அந்த டிரேஸைத் திறந்தேன். திரை முழுக்கச் சீப்பின் பற்கள் மாதிரி சின்னச் சின்னக் கோடுகள். ஒவ்வொன்றும் 4 மில்லிசெகண்ட். மொத்தம் 1,400 கோடுகள். பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் லூப்புக்குள் ஒரு குவெரி போய்க்கொண்டிருந்தது, அந்த வாடிக்கையாளரிடம் 1,400 வரிகள் இருந்தன. நான்கு மில்லிசெகண்ட் குவெரியை எந்த ஸ்லோ லாக்கும் பிடிக்காது. மூன்று நாள் தேடியதை அந்தப் படம் பத்து வினாடியில் காட்டியது. சரிசெய்ய ஒரே வரிதான் மாற்றினோம்.

ஏபிஎம் சேவைக்குப் பணம் கொடுப்பது இந்தப் படத்துக்காகத்தான். ஏஜென்டை நிறுவினால் போதும், ஃபிரேம்வொர்க், டேட்டாபேஸ், வெளியே போகும் எச்டிடிபி அழைப்பு எல்லாவற்றையும் அதுவே சுற்றிவளைத்து அளக்கும். அரை நாளில் வேலை முடியும். டிரேஸிலிருந்து லாக்குக்கு, லாக்கிலிருந்து சர்வர் கிராஃபுக்கு ஒரு கிளிக்கில் போகலாம். இதையே சொந்தமாக நிறுவிய கருவிகளிலும் செய்யலாம், ஆனால் அந்த இணைப்புகளை நீங்கள்தான் ஒவ்வொன்றாக முடிச்சுப் போட வேண்டும்.

வில்லங்கம் பில்லில் இருக்கிறது. எவ்வளவு என்பதை விட எதை எண்ணுகிறார்கள் என்று பாருங்கள். டேட்டாடாக் முக்கியமாக ஹோஸ்ட் (சர்வர்) எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடுகிறது. மாதத்தில் மணிக்கு மணி ஓடிய ஹோஸ்ட்களை எண்ணி, உச்சத்தில் இருந்த ஒரு சதவீத மணி நேரங்களை மட்டும் கழித்துவிடும். ஒரு நாள் கூட்டத்துக்காக மூன்று சர்வரை இருபதாக ஏற்றி, இறக்க மறந்து இரண்டு நாள் விட்டால், மாதம் முழுக்க இருபதுக்குக் கட்டுவது மாதிரி ஆகும். ஏனென்றால் ஒரு சதவீதம் என்பது மாதத்துக்கு ஏழு மணி நேரம்தான். நியூ ரெலிக் உள்ளே வரும் டேட்டாவின் ஜிபியையும், முழு அனுமதி உள்ள யூசர்களையும் எண்ணுகிறது. சர்வர் நிறைய, ஆட்கள் குறைவு என்றால் இது தோதாக இருக்கும். யாரோ டீபக் லாக்கை அணைக்க மறந்தால் தோதாக இருக்காது. நாமே உருவாக்கும் கஸ்டம் மெட்ரிக்ஸ் இருந்தால் லேபிள் சேர்க்கைகள் ஒவ்வொன்றும் தனி மெட்ரிக்காக எண்ணப்படக்கூடும். ப்ரோமீதியஸில் மெமரியைத் தின்ற அதே யூசர் ஐடி இங்கே பில்லைத் தின்னும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் குவெரிகள், முகவரிகள், எரர் மெசேஜ்கள் எல்லாம் இன்னொருவர் சர்வருக்குப் போகின்றன. முகவரியின் கேள்விக்குறிக்குப் பிறகு ஈமெயிலோ பாஸ்வேர்டு ரீசெட் டோக்கனோ இருந்தால் அதுவும் போகும். ஏஜென்டை இயக்கும் அன்றே மறைக்க வேண்டிய புலங்களின் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் செல்லாது.

எரர் மட்டும்தான் உங்கள் பிரச்சினை, வேகம் இல்லை என்றால் முழு ஏபிஎம் வேண்டாம், எரர்களைப் பிடித்துத் தரும் சென்ட்ரி மாதிரி ஒன்று போதும். அதிலும் இப்போது டிரேஸிங் இருக்கிறது.

இரண்டுக்கும் பொதுவான ஒன்று

ஓப்பன்டெலிமெட்ரியை நான்காவது வழி என்று பலர் பட்டியலிடுகிறார்கள். அது தன்னிடம் எதையும் சேமித்து வைப்பதில்லை, கிராஃபும் காட்டுவதில்லை. புரோகிராமுக்குள் அளவெடுக்கும் வேலையையும் அதை வெளியே அனுப்பும் வேலையையும் மட்டும் செய்கிறது. கூகுள் தன் டேப்பர் டிரேஸிங் முறையைப் பற்றி 2010-இல் எழுதிய பிறகு ட்விட்டரிலிருந்து ஜிப்கின், ஊபரிலிருந்து யேகர் என்று ஆளுக்கொன்று வந்தன. ஒவ்வொன்றுக்கும் புரோகிராமை வேறு விதமாக எழுத வேண்டியிருந்தது. ஓப்பன்டிரேஸிங், ஓப்பன்சென்ஸஸ் என்ற இரண்டு போட்டித் திட்டங்கள் 2019-இல் ஒன்றாகி ஓப்பன்டெலிமெட்ரி ஆயின. இன்று முக்கிய ஏபிஎம் சேவைகள் எல்லாமே இதன் டேட்டாவை வாங்கிக்கொள்கின்றன. இந்த வருடம் சந்தா, பில் கைமீறினால் அடுத்த வருடம் சொந்தம் என்று மாற நினைப்பவர்கள், நாமாகக் கையால் எழுதும் ஸ்பான்களையாவது (டிரேஸின் ஒவ்வொரு படிக்குமான பதிவுகளையாவது) இதில் எழுதிவிடுங்கள். அனுப்பும் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். அனுப்பும் முறை ஜிஆர்பிசி என்றால் போர்ட் 4317, எச்டிடிபி என்றால் 4318. நிறுவனத்தின் சொந்த ஏஜென்டுக்குச் சில மொழிகளில் கூடுதல் வசதி உண்டு என்பதையும் மறுக்கவில்லை. மெமரி புரொஃபைலிங் மாதிரி விஷயங்களில் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

எத்தனை டிரேஸை வைத்துக்கொள்வது என்பதையும் இங்கேதான் முடிவெடுக்க வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஓப்பன்டெலிமெட்ரி எல்லாவற்றையும் அனுப்பும். சின்ன டிராஃபிக்குக்கு அதுவே நல்லது. செலவு ஏறினால், ரிக்வெஸ்ட் தொடங்கும்போதே சீட்டுக் குலுக்கி நூற்றுக்குப் பத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அப்போது பிரச்சினையான ரிக்வெஸ்ட்களில் பத்தில் ஒன்பது தொலையும், தேடும்போது இருக்காது. முடிந்த பிறகு பார்த்து, எரர் வந்ததையும் இரண்டு வினாடிக்கு மேல் போனதையும் மட்டும் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். அதற்கு கலெக்டர் (டிரேஸ்களை வாங்கி அனுப்பும் இடைநிலை மென்பொருள்) ஒவ்வொரு டிரேஸையும் வழக்கமாக 30 வினாடி மெமரியில் பிடித்துவைத்துக் காத்திருக்க வேண்டும். கலெக்டர் ஒன்றுக்கு மேல் இருந்தால் ஒரு டிரேஸின் எல்லா ஸ்பான்களும் ஒரே கலெக்டருக்குப் போய்ச்சேர வழி செய்யவும் வேண்டும். ஒரே கலெக்டர் போதும் என்ற நிலையில் இருக்கும் டீம்கள் தாராளமாக இதைச் செய்யலாம்.

பிரவுசர் பக்கம்

சர்வர் 90 மில்லிசெகண்டில் பதில் கொடுத்தும் பக்கம் ஐந்து வினாடிக்குப் பிறகு தெரியலாம். சர்வரில் எந்தக் கருவி வைத்தாலும் இது தெரியாது. இங்கே தேர்வு இரண்டு. லைட்ஹவுஸ் மாதிரி ஒரு ரோபோ பிரவுசரை வைத்து ஒரே நிலையில் திரும்பத் திரும்ப அளப்பது ஒன்று, உண்மையான யூசர்களின் பிரவுசரிலிருந்தே எண்களை வாங்குவது இன்னொன்று.

ரோபோவுக்கு டிராஃபிக் தேவையில்லை. ராத்திரி மூன்று மணிக்கும் அளக்கும், ஒவ்வொரு ரிலீசுக்கும் முன்னும் பின்னும் ஒப்பிடலாம். ஆனால் அது எதையும் தொடாது. கூகுளின் கோர் வெப் வைட்டல்ஸில் மூன்று அளவுகள்: பெரிய உள்ளடக்கம் தெரியும் நேரம் 2.5 வினாடிக்குள், தொட்டதற்குப் பதில் வரும் நேரமான ஐஎன்பி 200 மில்லிசெகண்டுக்குள், பக்கம் குதிக்கும் அளவு 0.1-க்குள், மூன்றையும் 75-ஆம் சதமானத்தில் பார்க்க வேண்டும். இவற்றில் ஐஎன்பி, 2024 மார்ச்சில், முதல் தொடுதலை மட்டும் அளந்த பழைய எஃப்ஐடி அளவின் இடத்துக்கு வந்தது. யாரும் தொடாத பக்கத்தில் அதை அளக்க முடியாது. லைட்ஹவுஸில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டு, நிஜ யூசர்களிடம் தோற்கும் பக்கங்கள் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே இரண்டும் வேண்டும் என்பது சரியான பதில். ஒன்றுதான் முடியும் என்றால் நிஜ யூசர். கூகுளின் 'வெப் வைட்டல்ஸ்' லைப்ரரி சின்னது. கிடைக்கும் எண்களை நம் சர்வருக்கே அனுப்பலாம், பணம் கொடுக்க வேண்டியதில்லை. அனுப்பும் நேரம் முக்கியம். பக்கம் மூடும்போது அனுப்பலாம் என்று 'அன்லோட்' நிகழ்வை நம்பினால் மொபைலில் பாதி வராது. பக்கம் மறையும்போது வரும் 'விசிபிலிட்டி சேஞ்ச்' நிகழ்வில் 'சென்ட் பீக்கன்' வழியாக அனுப்புங்கள். கூகுளே குரோம் யூசர்களிடமிருந்து திரட்டித் தரும் அறிக்கையும் இலவசம்தான், ஆனால் அது 28 நாள் தொகுப்பு. இன்று காலை நீங்கள் உடைத்ததை இன்று மாலை அது சொல்லாது.

எச்சரிக்கை வைப்பது

இதைச் சுருக்கமாக முடிக்கிறேன், ஏனென்றால் எந்தக் கருவியிலும் இது ஒன்றுதான். சிபியு 80 சதவீதம் என்பதற்காக யாரையும் எழுப்பாதீர்கள். யூசருக்குத் தெரியும் வலிக்கு மட்டும் எழுப்புங்கள். சேவை நன்றாக ஓட வேண்டிய நேரம் 99.9 சதவீதம் என்று இலக்கு வைத்தால் 30 நாளுக்கு 43 நிமிடம் 12 வினாடி சறுக்க அனுமதி. அந்த அனுமதி, 30 நாளில் சரியாகத் தீரும் வேகத்தைவிட 14.4 மடங்கு வேகத்தில் ஒரு மணி நேரம் கரைந்தால் மாதக் கணக்கில் 2 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம், அப்போது எழுப்பலாம். டிராஃபிக் குறைவான அப்ளிகேஷனுக்கு ஒரு திருத்தம். ராத்திரி மணிக்கு 20 ரிக்வெஸ்ட் வரும் இடத்தில் ஒன்று மெதுவானாலே 5 சதவீதம். 'குறைந்தது இத்தனை ரிக்வெஸ்ட் வந்திருந்தால்' என்ற நிபந்தனையைச் சேர்க்காவிட்டால் ஒரு வாரத்தில் எல்லோரும் அலர்ட்டை மியூட் செய்துவிடுவார்கள்.

முடிவெடுக்க ஒரு சோதனை

இலவச சோதனைக் காலத்தில் எல்லோரும் டேஷ்போர்டின் அழகைத்தான் பார்க்கிறார்கள். நான் செய்வது வேறு. ஸ்டேஜிங்கில் (சோதனைச் சர்வரில்) ஒரு முகவரிக்குள் மூன்று வினாடி தூங்கும் வரியைப் போடுவேன், பத்து தடவைக்கு ஒருமுறை மட்டும் தூங்கும்படி. இன்னொன்றில் லூப்புக்குள் குவெரி. மூன்றாவதில் ரெஸ்பான்ஸை ஐந்து எம்பியாக ஊதிவிடுவேன். எது எங்கே என்று தெரியாத ஒரு ஜூனியரிடம் கொடுத்து, மூன்றையும் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்வேன். போட்டியில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் அதே மூன்று, ஒவ்வொரு கருவிக்கும் வேறு ஜூனியர்.

கடைசியாகச் செய்தபோது ஏபிஎம்மில் லூப் குவெரியும் தூக்கமும் கால் மணி நேரத்துக்குள் மாட்டின. சொந்தமாக நிறுவியதில் தூக்கம் சீக்கிரம் மாட்டியது, லூப்புக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது, ஏனென்றால் டிரேஸிங் பாதிதான் இணைத்திருந்தோம். ஐந்து எம்பி ரெஸ்பான்ஸை இரண்டுமே கோட்டைவிட்டன. அதைப் பிடித்தது என்ஜின்எக்ஸ் லாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டு எண்கள். ஸ்லோ என்று வந்திருக்க வேண்டிய அலர்ட் என்ன ஆயிற்று என்று பிறகு தேடினோம். ஏழாவது நிமிடமே சரியாகக் கிளம்பியிருந்தது. போய்ச் சேர்ந்த இடம், மூன்று மாதத்துக்கு முன்பே வேலையை விட்டுப் போன ஒருவரின் இன்பாக்ஸ்.